நேப்பிள்ஸில் இரண்டு முறை பூட்டிய கேலரி: யூஈஎஃப்ஏ தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஈஎஃப்ஏவின் தலைவர் திரு. அலெக்சாண்டர் செஃபெரின் அவர்களும் செயற்குழு உறுப்பினர்களும்
நியோன், சுவிட்சர்லாந்து
நவம்பர் 2025

2025 நவம்பர் 4 அன்று நேப்பிள்ஸில் அந்த ஊரின் நாப்போலியும் ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டும் மோதிய சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஆட்டம் 0–0 என்று முடிந்தது. ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள் வரக்கூடாது என்று இத்தாலிய அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட்டிருந்தார்கள். 2023 மார்ச் 15 அன்றும் இதே மைதானம், இதே இரண்டு அணிகள், இதே தடை.

தலைவர் அவர்களே, 2023 ஆட்டத்தை ஒட்டி ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியில் நீங்கள் பேசினீர்கள். ரசிகர்களைத் தடுத்த முடிவை ஏற்கவே முடியாது என்றீர்கள். விதியை மாற்றியாக வேண்டும், இனி இப்படி நடந்தால் அந்த ஊரில் ஆட்டமே வைக்க மாட்டோம் என்ற பொருளில் சொன்னீர்கள். இரண்டரை ஆண்டு கழித்து அதே ஊரில் ஆட்டம் வைக்கப்பட்டது. அந்தச் சொல் என்னவாயிற்று என்று கேட்கவே இந்த மடல்.

இந்தக் குறையின் கனம் புரிய வேண்டுமென்றால் 2022–23 சீசனைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் 1960 மே 18 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர்) இறுதியாட்டம் ஆடியது. ரியால் மாட்ரிட் 7–3 என்று வென்ற அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவின் முதல்தரப் போட்டிக்குள் அந்த கிளப் நுழையவே இல்லை. 2022 மே 18 அன்று, தேதி கூட அதேதான், செவில்லாவில் ரேஞ்சர்ஸ் அணியை 1–1க்குப் பின் பெனால்டியில் 5–4 என்று வென்று, இரண்டாம்தரப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. அந்த ஆண்டு ஜெர்மன் லீகான புன்டெஸ்லிகாவில் அணி முடித்தது 11ஆம் இடத்தில். கோப்பை மட்டும் கைக்கு வராவிட்டால் எந்த ஐரோப்பியப் போட்டியும் கிடையாது.

அப்படிக் கிடைத்த முதல் சாம்பியன்ஸ் லீக் சீசன் மோசமாகத்தான் தொடங்கியது. ஆகஸ்ட் 5 அன்று சொந்த மைதானத்தில் பயர்னிடம் 1–6. ஐந்து நாள் கழித்து ஹெல்சின்கியில் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் ரியால் மாட்ரிடிடம் 0–2. முந்தைய சீசன் முழுக்க இடது ஓரத்திலிருந்து கிராஸ் போட்டுப் போட்டே அணியைத் தூக்கி நிறுத்திய ஃபிலிப் கோஸ்டிச் அதே ஆகஸ்டில் யுவென்டஸுக்குப் போய்விட்டார். செப்டம்பர் 7 அன்று சாம்பியன்ஸ் லீக் முதல் ஆட்டத்தில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனிடம் 0–3. குரூப்பில் ஆறு ஆட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பலரும் நினைத்த நேரம் அது.

பயிற்சியாளர் கிளாஸ்னரின் அணி வேறு மாதிரி முடிவு செய்தது. மார்செய்யில் லிண்ட்ஸ்ட்ரோம் அடித்த ஒரே கோலில் வெற்றி. டாட்டன்ஹாமுடன் சொந்த ஊரில் 0–0, லண்டனில் 2–3 தோல்வி. மார்செய்யை மறு ஆட்டத்தில் 2–1. கடைசி நாளில் டாட்டன்ஹாம் 8, ஸ்போர்ட்டிங் 7, ஃபிராங்க்ஃபர்ட் 7, மார்செய் 6 என்று நான்கு அணிகளும் தொங்கலில் நின்றன. லிஸ்பனில் பாதி நேரத்தில் 0–1 பின்தங்கியிருந்து, கமாடாவின் பெனால்டியாலும் கோலோ முவானியின் கோலாலும் 2–1 என்று ஆட்டத்தைப் புரட்டினார்கள். 10 புள்ளி, குரூப்பில் இரண்டாம் இடம். புன்டெஸ்லிகாவிலும் கத்தார் உலகக் கோப்பை இடைவேளைக்குப் போகும்போது 15 ஆட்டத்தில் 27 புள்ளியோடு நான்காம் இடம்.

நாக்-அவுட் குலுக்கல் 2022 நவம்பர் 7 அன்று நடந்தது. எதிரணி நாப்போலி. மறு ஆட்டத்துக்கு நான்கு மாதம் அவகாசம் இருந்ததால் விமானம், ரயில், விடுதி எல்லாவற்றுக்கும் ரசிகர்கள் அப்போதே பணம் கட்டிவிட்டார்கள். மலிவு டிக்கெட் என்றால் திருப்பித் தர மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

பிப்ரவரி 21 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் ஆட்டம். கோல்கீப்பர் ட்ராப் ஒரு பெனால்டியைத் தடுத்தும் ஒசிமென், டி லோரென்சோ கோல்களில் 0–2. கோலோ முவானிக்கு ரெட் கார்டு. அந்த ஆட்டத்துக்கு நாப்போலி ரசிகர்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்கான கேலரியில் நின்று பார்த்தார்கள். ஊருக்குள் இரு தரப்புக்கும் மோதல் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்தவர்களுக்கு இடம் கிடைத்தது.

மறு ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் நேப்பிள்ஸின் பிரிஃபெக்ட், அதாவது அங்கே அரசின் நேரடி நிர்வாகி, ஜெர்மனியில் வசிக்கும் எவருக்கும் டிக்கெட் விற்கக்கூடாது என்று ஆணை போட்டார். கிளப் வழக்குப் போட்டது. கம்பானியா நிர்வாக நீதிமன்றம் ஆணையை நிறுத்தி வைத்தது. உடனே புதிய ஆணை வந்தது: ஃபிராங்க்ஃபர்ட் நகரில் வசிப்பவர்களுக்கு மட்டும் விற்பனை இல்லை. இதை நீதிமன்றம் தடுக்கவில்லை. பாதிப் பேரை ஊரில் விட்டுவிட்டு மீதிப் பேரை அழைத்துப் போக மாட்டோம் என்று கிளப் தனக்கு ஒதுக்கிய சுமார் 2,700 டிக்கெட்டுகளையும் வேண்டாமென்று விட்டது.

அந்த இரண்டாவது ஆணையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஐன்ட்ராக்டின் ரசிகர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குள் மட்டும் இருப்பவர்கள் கிடையாது. ஆஃபென்பாக், ஹனாவ், கீசன், ஃபுல்டா என்று ஹெஸன் மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். ஆணைப்படி, ஆற்றுக்கு அந்தக் கரையில் ஆஃபென்பாக்கில் குடியிருக்கும் தீவிர ரசிகர் டிக்கெட் வாங்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிழைப்புக்கு வந்து குடியேறிய, நாப்போலிக்காகவே உயிரை விடும் இத்தாலியர் வாங்க முடியாது. யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற இந்த ஆணை? அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்து வன்முறையைக் கணிக்கிற வித்தை எந்தக் காவல் துறைக்கும் தெரியாது.

வெளியூர் ரசிகர்களை ஒரு மைதானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குப் புதிதல்ல. இருந்தும் சொல்கிறோம், தடை எந்தெந்தக் கண்ணியை அறுக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். உங்கள் விதிப்படி மைதானத்தின் அங்கீகரிக்கப்பட்ட இருக்கைகளில் குறைந்தது 5 சதவீதம் வெளியூர் அணிக்கு. நேப்பிள்ஸின் மரடோனா மைதானத்தில் சுமார் 54,700 இடம் என்றால் 2,700 சொச்சம். அதை விற்பது வெளியூர் கிளப். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள், பதிவு செய்த ரசிகர் மன்றங்கள் என்று தனக்குத் தெரிந்த ஆட்களுக்குத்தான் விற்கும். இத்தாலியில் டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஆக, அந்தக் கேலரியில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரும் பயணத்துக்கு முன்பே கிளப்பின் கையில் இருக்கிறது. ஏற்கெனவே மைதானத் தடை வாங்கியவரை அங்கேயே வடிகட்டிவிடலாம்.

அடுத்தது பயணம். கிளப்பின் ரசிகர் தொடர்பாளர்கள் கூடவே போவார்கள். இந்த ரசிகர்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடிய ஜெர்மன் போலீஸ்காரர்கள் சிலரும் போவார்கள். உள்ளூர் போலீஸுக்குத் தெரியாத மொழியும் முகமும் இவர்களுக்குத் தெரியும். நகரத்தில் ஒரு கூடுமிடம் அறிவிப்பார்கள். நேப்பிள்ஸில் வழக்கமாக அது துறைமுகப் பக்கம். அங்கிருந்து பேருந்தில் ஏற்றி, பழைய நகரத்தைத் தொடாமல், மேற்கே ஃபுவோரிகுரோத்தாவில் உள்ள மைதானத்துக்கு. தனி வாசல், தனி வேலி. ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை கேலரியிலேயே நிறுத்தி வைப்பார்கள். நள்ளிரவில் பசியோடும் குளிரோடும் கம்பிக்குப் பின்னால் நிற்பது யாருக்கும் பிடிக்காது. திட்டுவார்கள், ஆனாலும் நிற்பார்கள். மீண்டும் பேருந்து. இதெல்லாம் அழகான ஏற்பாடு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் வேலை செய்கிறது, ஏனென்றால் கூட்டம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

டிக்கெட்டைத் தடுத்ததும் இது மொத்தமும் சரிந்துவிடும். பெயர்ப் பட்டியல் இல்லை, கூடுமிடம் இல்லை, பேருந்து இல்லை, கிளப்புக்குப் பொறுப்பும் இல்லை. பணம் கட்டியவர்கள் எப்படியும் கிளம்புகிறார்கள். 2023 மார்ச்சில் சுமார் 600 பேர் டிக்கெட் இல்லாமலே நேப்பிள்ஸுக்குப் போனார்கள். மைதானத்துக்கு வேலி போட்டு அழைத்துப் போக வேண்டிய கூட்டம் பழைய நகரத்தின் தெருக்களில் நின்றது. ஐன்ட்ராக்ட் ரசிகர்களுக்கும் பெர்காமோவின் அட்டலாண்டா ரசிகர்களுக்கும் பழைய நட்பு. அட்டலாண்டாவுக்கும் நாப்போலிக்கும் பழைய பகை. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பியாசா டெல் ஜேசு சதுக்கத்தில் கல்லும் நாற்காலியும் பறந்தன, போலீஸ் வண்டி எரிந்தது, கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே ஒளிந்தார்கள். எறிந்தவர்கள் குற்றவாளிகள், சந்தேகமே இல்லை. பொது ஒழுங்கைக் காக்கப் போட்ட தடை பொது ஒழுங்கைக் காக்கவில்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. வெள்ளம் வருமென்று பயந்து மதகை அடைத்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போகும். மார்ச் 15 அன்று நடந்தது அதுதான்.

ஆட்டத்தில் நாப்போலி 3–0 என்று வென்றது. ரசிகர்கள் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நாங்கள் வாதாடவில்லை. அந்த ஆண்டு 33 வருடம் கழித்து இத்தாலிய லீகை வென்ற அணி அது. கோலோ முவானி இல்லாத ஃபிராங்க்ஃபர்ட் அங்கே மூன்று கோல் அடித்திருக்காது. அதன் பிறகு புன்டெஸ்லிகாவில் நடந்த சரிவையும் இந்தத் தடையின் தலையில் கட்ட மாட்டோம். பிப்ரவரி 25 அன்று லைப்சிக்கில் 1–2 என்று தோற்றதில் தொடங்கி மே மாதம் ஹொஃபன்ஹைமில் தோற்றது வரை வரிசையாக 10 லீக் ஆட்டங்களில் வெற்றி இல்லை. மூன்று போட்டிகளில் ஒரே நேரத்தில் ஆட அணியில் ஆள் போதவில்லை, கமாடா, என்டிக்கா ஒப்பந்தங்கள் முடியும் தறுவாயில் இருந்தன, கிளாஸ்னர் சீசன் முடிவில் விலகுவது மே மாதமே முடிவானது. 50 புள்ளி, ஏழாம் இடம். ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் ஜூன் 3 அன்று பெர்லினில் லைப்சிக்கிடம் 0–2. அதையும் வென்றிருந்தால் கதை வேறு.

ஆனால் கணக்கு இப்படி நிற்கிறது. 62 ஆண்டு காத்திருந்து கிடைத்த சீசனில் வெளியூர் ஆட்டங்கள் நான்கே நான்கு: மார்செய், லண்டன், லிஸ்பன், நேப்பிள்ஸ். அதில் ஒன்று பறிபோனது. மறுபடி சாம்பியன்ஸ் லீகுக்கு வர, 2024–25இல் 60 புள்ளியோடு மூன்றாம் இடம் பிடிக்கும்வரை காத்திருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 28 அன்று மொனாக்கோவில் குலுக்கல். எட்டு எதிரணிகளில் ஒன்று நாப்போலி, அதுவும் நேப்பிள்ஸில். கலாட்டசராயை 5–1 என்று வென்று, அட்லெட்டிகோவிடம் 1–5, லிவர்பூலிடம் 1–5 என்று தலைகீழாகப் புரண்டு கொண்டிருந்த அணி, நேப்பிள்ஸில் பின்னால் கட்டிப்போட்டு 0–0 எடுத்தது. இந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் செய்த உருப்படியான வேலைகளில் ஒன்று. அதை நேரில் பார்க்க வேண்டியவர்களுக்குத்தான் வழியில்லை. சாம்பியன்ஸ் லீகில் இரண்டு சீசன், இரண்டிலும் நேப்பிள்ஸ், இரண்டு முறையும் பூட்டு.

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். பொது ஒழுங்கு அந்தந்த நாட்டு அரசின் அதிகாரம், யூஈஎஃப்ஏ ஒரு விளையாட்டு அமைப்பு, அரசை மீற முடியாது. சரி. இத்தாலிய அரசை மீறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள்தானே?

முடிவு செய்தும் இருக்கிறீர்கள். 2021 பிப்ரவரியில் கொரோனா காரணமாக இங்கிலாந்திலிருந்து வருபவர்களை ஜெர்மனி அனுமதிக்கவில்லை. லைப்சிக்–லிவர்பூல் ஆட்டம் புடாபெஸ்டுக்குப் போனது. மொன்ஷன்கிளாட்பாக்–மான்செஸ்டர் சிட்டி ஆட்டமும் அங்கேதான். ஸ்பெயினின் கட்டுப்பாட்டால் அட்லெட்டிகோ–செல்சி ஆட்டம் புக்காரெஸ்டுக்கு. அந்த சீசனின் விதிகளோடு நீங்கள் சேர்த்த இணைப்பில் வாசகம் தெளிவாக இருந்தது: சொந்த மைதான கிளப்பின் நாட்டுக் கட்டுப்பாட்டால் எதிரணி வர முடியாவிட்டால், மாற்று மைதானம் தேடும் பொறுப்பு சொந்த மைதான கிளப்புக்கு, தேடாவிட்டால் 0–3 என்று தோல்வி. லைப்சிக் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஜெர்மன் அரசின் முடிவுக்கு லைப்சிக் பொறுப்பும் கிடையாது. இருந்தும் சொந்த மைதானத்தை இழந்தது, அடுத்த சுற்றுக்கும் போகவில்லை. அப்போது செல்லுபடியான தர்க்கம் ரசிகர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் செல்லாது? போர் காரணமாக உக்ரைனின் ஷாக்தார் வார்சாவிலும் ஹாம்பர்க்கிலும் கெல்சன்கிர்ஷனிலும் ஆடியது. ஆட்டத்தை இடம் மாற்றுவது யூஈஎஃப்ஏவுக்குத் தெரியாத வேலை இல்லை.

நியாயம் என்ற சொல்லையும் நீங்களே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதே 2022–23 சீசனில், அதே நாப்போலி ஆடிய ஆட்டம்தான் உதாரணம். செப்டம்பரில் எலிசபெத் ராணியின் மறைவை ஒட்டி ஸ்காட்லாந்து போலீஸுக்கு ஆள் பற்றாக்குறை. கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ்–நாப்போலி ஆட்டத்துக்கு இத்தாலிய ரசிகர்கள் வர முடியாது என்றானது. உடனே யூஈஎஃப்ஏ, விளையாட்டு நியாயம் கருதி நேப்பிள்ஸ் மறு ஆட்டத்திலும் ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்கு இடமில்லை என்று அறிவித்தது. அந்த முடிவு நல்லதா என்பது வேறு விவாதம். நாப்போலி ரசிகர்கள் ஒரு ஆட்டத்தை இழந்தபோது தராசு சமமாக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது. ஐந்து மாதம் கழித்து நாப்போலி ரசிகர்கள் ஃபிராங்க்ஃபர்ட் கேலரியில் நின்றுவிட்டுப் போன பிறகு, ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்களை வெளியே நிறுத்தியபோது அந்தத் தராசு எங்கே போனது? இப்போதைய லீக் சுற்று முறையில் மறு ஆட்டமே கிடையாது என்பதால் சமன் செய்யவும் வாய்ப்பில்லை. இழந்தது இழந்ததுதான்.

ஐன்ட்ராக்ட் ரசிகர்கள் ஒன்றும் அப்பாவிகள் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறோம். 2019 அக்டோபரில் போர்ச்சுகலின் கிமராயிஷ் மைதானத்தில் நடந்த கலாட்டாவுக்கு நீங்கள் தண்டனை கொடுத்தீர்கள். லியேஜ், லண்டன் ஆர்சனல் என்று இரண்டு வெளியூர் ஆட்டங்களுக்கு ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. 2022 செப்டம்பரில் மார்செய்யில் இரு கேலரிகளும் தீப்பந்தங்களை மாறி மாறி எறிந்தன. தண்டிக்க வேண்டியதைத் தண்டியுங்கள். உங்கள் ஒழுங்கு நடவடிக்கையில் குற்றச்சாட்டு உண்டு, ஆதாரம் உண்டு, கிளப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு, மேல்முறையீடு உண்டு, எத்தனை ஆட்டம் என்ற எண்ணிக்கை உண்டு. பிரிஃபெக்டின் ஆணையில் இதில் எதுவுமே இல்லை. எத்தனை ஆண்டுக்கு என்றுகூட இல்லை. இருந்திருந்தால் 2025இல் மறுபடி வந்திருக்காது.

இது ஃபிராங்க்ஃபர்ட்டின் தனிப்பட்ட சிக்கலும் அல்ல. நீங்கள் தொலைக்காட்சியில் பேசிய அடுத்த மாதமே, 2023 ஏப்ரலில், யூரோப்பா லீக் காலிறுதியில் ஃபெயனோர்ட்–ரோமா ஆட்டங்கள் இரண்டிலும் வெளியூர் ரசிகர்கள் இல்லை. ஒரு பக்கம் தடுத்தது, மறுபக்கமும் தடுத்தது. தடைக்கு விலை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அதுவே எளிய வழியாகிவிட்டது. ஒரு உள்ளூர் அதிகாரியின் இடத்தில் இருந்து யோசித்தால், 2,700 பேருக்குப் பேருந்தும் போலீஸும் ஏற்பாடு செய்வது தலைவலி. தடை ஆணை ஒரே ஒரு தாள். அந்தத் தாளால் ஆட்டம் ஊரை விட்டுப் போகும், ஊர் கிளப்புக்கு டிக்கெட் வருமானம் போகும் என்ற நிலை வந்தால் அதே அதிகாரி பேருந்துக்கு ஆள் தேடுவார்.

2022 பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டக் குளறுபடியை ஆராய நீங்களே அமைத்த தனிக்குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. முதன்மைப் பொறுப்பு யூஈஎஃப்ஏவுக்கே என்றது. ரசிகர்களை ஆபத்தாக மட்டும் பார்க்காமல், ஐரோப்பிய கவுன்சிலின் செயின்ட் டெனி உடன்படிக்கை சொல்கிறபடி பாதுகாப்பு, காவல், சேவை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் என்றது. அந்த அறிக்கை வந்து ஒரு மாதத்துக்குள் நேப்பிள்ஸ்.

நீங்கள் நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். வெளியூர் டிக்கெட்டுக்கு விலை வரம்பு வைத்தீர்கள். சாம்பியன்ஸ் லீகில் 70 யூரோவாக இருந்ததை 2024–25இல் 60 ஆக்கி, இந்த சீசனில் 50 ஆக்கியிருக்கிறீர்கள். ரசிகர் அமைப்புகள் பல வருடம் போராடிப் பெற்றது, நீங்கள் செவி சாய்த்தீர்கள். ஆனால் விற்பனைக்கே வராத டிக்கெட் 50 யூரோ என்றால் என்ன, 5 யூரோ என்றால் என்ன?

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

2021 இணைப்பில் இருந்த ஏற்பாட்டை வெளியூர் ரசிகர்களுக்கும் விரித்து நிரந்தர விதியாக்குங்கள். ஒவ்வொரு கிளப்பும் போட்டிக்குப் பதிவு செய்யும்போதே, வேறு நாட்டிலானாலும் சரி, ஒரு மாற்று மைதானத்தின் பெயரைத் தர வேண்டும். ஆட்டத்துக்கு 30 நாள் முன்பு, 5 சதவீத இடம் வெளியூர் ரசிகர்களுக்குத் திறந்திருக்கும் என்று உள்ளூர் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ உறுதி உங்கள் மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஆட்டம் மாற்று மைதானத்துக்கு. கிளப் மறுத்தால் 0–3. முப்பது நாள் கழித்து, ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் தடை வந்தால்? பூட்டிய மைதானம் இரு தரப்புக்கும் பூட்டியதாகவே இருக்கட்டும்: உள்ளூர் ரசிகர்களும் இல்லாமல் ஆட்டம் நடக்கட்டும். அது கடுமையானதுதான். ஒருமுறை செய்தால் இரண்டாம் முறை தேவைப்படாது.

முகவரி, குடியுரிமை, பிறந்த ஊர் ஆகியவற்றை வைத்து டிக்கெட் மறுப்பதை உங்கள் போட்டிகளில் ஏற்க மாட்டோம் என்று விதியில் எழுதுங்கள். தடுக்க வேண்டியவரைப் பெயர் சொல்லித் தடுக்கலாம். மைதானத் தடைப் பட்டியலை இரு கிளப்புகளும் இரு நாட்டுப் போலீஸும் ஒத்துப் பார்க்க ஒரு கெடு வையுங்கள். ஆட்டத்துக்கு 14 நாள் முன்பு என்றால் போதும். ஆட்டத்துக்கு முந்தைய பாதுகாப்புக் கூட்டத்தில் வெளியூர் கிளப்பின் ரசிகர் தொடர்பாளருக்குப் பேசும் உரிமையோடு ஒரு நாற்காலி வேண்டும், வெறும் பார்வையாளராக அல்ல.

பணம். அதிகாரத் தடையால் பயணம் வீணானவர்களுக்கு, டிக்கெட் ஒதுக்கீட்டுக்கு உரிய எண்ணிக்கை வரை, ரசீதைக் காட்டினால் இழப்பீடு தாருங்கள். ஒருவருக்கு 300 யூரோ என்று வைத்துக்கொண்டாலும் 2,700 பேருக்கு 8 லட்சத்து 10 ஆயிரம் யூரோ. நேப்பிள்ஸில் அந்த 0–0 டிராவுக்காக ஒவ்வொரு அணிக்கும் நீங்கள் தரும் பரிசுத் தொகை 7 லட்சம் யூரோ. உங்கள் வரவு செலவில் இது தாங்க முடியாத சுமை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு, பிறகு சொந்த மைதான கிளப்பின் பங்கில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் பிரிஃபெக்டிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக, 2023 மார்ச்சுக்குப் பிறகு இந்த விஷயத்தில் யூஈஎஃப்ஏவுக்குள் என்ன நடந்தது என்பதை வெளியிடுங்கள். விதித் திருத்தம் எதுவும் முன்வைக்கப்பட்டதா, எந்தக் கூட்டத்தில், எந்த வாசகத்தோடு, யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள்? 2025 அக்டோபரில் நேப்பிள்ஸ் தடை பற்றித் தெரிந்த பிறகு இத்தாலிய அதிகாரிகளுக்கு நீங்கள் எழுதியது என்ன, அவர்கள் தந்த பதில் என்ன? அந்தக் கடிதங்களை ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் கிளப்புக்கும் ரசிகர் அமைப்புகளுக்கும் கொடுங்கள். 2026–27 சீசனின் குலுக்கல் வரும் ஆகஸ்டில் நடக்கும். போட்டி விதிகள் அதற்கு வெகு முன்பே அச்சாகிவிடும் என்பதால், இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை எதனால் ஏற்கவில்லை என்ற எழுத்துப்பூர்வ பதிலை மார்ச் 15க்குள் எதிர்பார்க்கிறோம்.